ஃப்ரீரேடியசுக்கு எஸ்கியூஎல் கூறு: ஒரு மேம்படுத்தல் பட்டறிவு



தமிழ்ப்பள்ளி ஆசிரியன் வழங்கி மென்பொருளைப் பற்றி எழுதுவதா என்று சிலர் வியக்கக்கூடும். சிறிய பள்ளிகளின் நிலைமையை அறிந்தவர்கள் வியக்கமாட்டார்கள். கணினி கொஞ்சம் தெரியும் என்று ஒருமுறை வாய்திறந்து சொல்லிவிட்டால் போதும். அச்சுப்பொறியில் தாள் சிக்கினாலும் நம்மைத்தான் தேடி வருவார்கள். எங்கள் பள்ளியில் 112 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். வலையமைப்புக்கென்று தனி ஆள் கிடையாது. ஆகவே, கடந்த 2025 சனவரி இறுதியில், கல்வியாண்டு முடிந்த விடுமுறையில், பள்ளியின் அடையாளச் சரிபார்ப்பு வழங்கியைப் புதுப்பிக்கும் பணி என் மேசைக்கு வந்து சேர்ந்தது. அதில் பட்டறிந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். இதே வேலையில் இறங்கும் வேறு பள்ளி ஆசிரியர் எவருக்கேனும் பயன்படலாம்.

முதலில், அந்த வழங்கி என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கணினிக்கூடத்தில் மாணவர் ஒருவர் இணையத்திற்குள் செல்ல முயன்றால், நுழைவுப் பக்கம் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். அவர் உள்ளிடுவதை இணையக் கருவி தானே முடிவு செய்வதில்லை. ஒரு மூலையில் இருக்கும் கணினியிடம் 'இவரை விடலாமா?' என்று கேட்கிறது. அந்தக் கணினி ஆம் என்றோ இல்லை என்றோ விடை தருகிறது. இந்தக் கேள்வி பதில் முறைக்கு ரேடியஸ் என்று பெயர். 1991இல் லிவிங்ஸ்டன் என்ற அமெரிக்க நிறுவனம் தொலைபேசிவழி இணைப்புக்காக இதை உருவாக்கியது. 2000ஆம் ஆண்டு சூன் திங்களில் வெளிவந்த ஆர்எப்சி 2865 என்ற ஆவணமே இன்றும் இதற்கு அடிப்படை. நாம் பயன்படுத்தும் ஃப்ரீரேடியஸ் 1999இல் தொடங்கப்பட்ட கட்டற்ற மென்பொருள். பல்கலைக்கழகங்களுக்குச் சென்ற நம் மாணவர்கள் எடுரோம் என்ற கம்பியில்லா இணைப்பைப் பயன்படுத்தியிருப்பார்கள். அதுவும் ரேடியஸ் வழங்கிகள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்வதால் இயங்குவதுதான்.

எங்கள் பள்ளியில் இதை 2016இல் நிறுவிக் கொடுத்தவர் ஒரு முன்னாள் மாணவர். அதற்கு முன் பள்ளி முழுமைக்கும் ஒரே கடவுச்சொல். அது எப்படியோ பள்ளிக்கு எதிரிலுள்ள உணவுக்கடை வரைக்கும் போய்விட்டது என்பார்கள். அவர் உபுண்டு 16.04ஐயும் அதனோடு வந்த ஃப்ரீரேடியஸ் 2.2.8ஐயும் ஒரு பழைய கணினியில் போட்டு, பெயர்ப் பட்டியலை மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் வைத்து, இரண்டையும் எஸ்கியூஎல் கூறு கொண்டு இணைத்தார். ஃப்ரீரேடியஸ் தானாகத் தரவுத்தளத்தைப் படிக்காது. கோப்பிலுள்ள பட்டியலைப் படிக்க ஒரு கூறு, தரவுத்தளத்தைப் படிக்க ஒரு கூறு, கடவுச்சொல்லை ஒப்பிட இன்னொரு கூறு என்று, வேண்டிய வேலைக்கு வேண்டிய கூற்றைச் சேர்த்துக்கொள்ளும் அமைப்பு அது.

அது ஒன்பது ஆண்டுகள் ஓடியது. ஓடுவதை ஏன் தொட வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டார். முறையான கேள்விதான். இரண்டு காரணங்கள் சொன்னேன். ஒன்று, உபுண்டு 16.04க்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2021 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. மற்றொன்று, 2024 சூலையில் பிளாஸ்ட்ரேடியஸ் என்ற குறை வெளியிடப்பட்டது. ரேடியஸ் மறுமொழிகளுக்குக் காப்பாக இருப்பது எம்டி5 என்ற பழைய கணக்குமுறை. இரு வேறு செய்திகளுக்கு ஒரே எம்டி5 விடை வரும்படிச் செய்ய முடியும் என்று 2004இலேயே சீன ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். பிளாஸ்ட்ரேடியஸ் அதைக்கொண்டு, வலையமைப்பின் நடுவில் அமர்ந்திருக்கும் ஒருவர் வழங்கியின் 'இல்லை'யை 'ஆம்' என மாற்றிவிடலாம் என்று மெய்ப்பித்தது. எங்கள் நுழைவுப் பக்கம் போன்ற எளிய கடவுச்சொல் முறைகளுக்குத்தான் இந்த இடர் உண்டு. ஃப்ரீரேடியஸ் 3.2.5இல் இதற்குத் தீர்வு வந்தது. 'நம் பிள்ளைகளை யார் ஐயா வந்து தாக்கப் போகிறார்கள்?' என்று தலைமையாசிரியர் சிரித்தார். ஆனாலும் ஒப்புதல் கொடுத்தார்.

பழைய கணினியை நான் தொடவில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் கொடுத்த வேறொரு கணினியில் உபுண்டு 24.04ஐ நிறுவி, புதிய வழங்கியைத் தனியே எழுப்பினேன். பழையது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. புதியது முழுமையாக ஆய்ந்து பார்க்கப்பட்ட பின், முகவரியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது திட்டம். இரண்டாம் பதிப்பின் அமைவுக் கோப்புகளை மூன்றாம் பதிப்பில் அப்படியே ஒட்டக்கூடாது, புதிதாக எழுத வேண்டும் என்று மென்பொருளோடு வரும் குறிப்பே தெளிவாகச் சொல்கிறது. பல ஆண்டுக் கோப்பைத் தூக்கிவிட்டு வெறுங்கோப்பிலிருந்து தொடங்குவது மனத்துக்குச் சுமைதான். ஆனால் வேறு வழியில்லை.

கூற்றை நிறுவுவது எளிது. உபுண்டுவின் தொகுப்பகத்தில் ஃப்ரீரேடியஸ் ஒரு தொகுப்பு, அதன் மைஎஸ்கியூஎல் துணைத்தொகுப்பு இன்னொன்று. இரண்டையும் ஒரே இடத்திலிருந்து எடுக்க வேண்டும். வழங்கி ஓரிடம், கூறு வேறிடம் என்று எடுத்தால் பதிப்பு பொருந்தாமல் போகலாம். மூன்றாம் பதிப்பு ஒவ்வொரு கூற்றையும் ஏற்றும்போது அதன் பதிப்பு எண்ணைச் சரிபார்க்கிறது, பொருந்தாவிட்டால் தொடங்கவே மறுத்துவிடும். அடுத்து, நிறுவிய கூற்றை இயங்கச் செய்ய வேண்டும். கூறுகளின் அமைவுக் கோப்புகள் எல்லாம் 'மாட்ஸ்-அவேலபிள்' என்ற கோப்புறையில் கிடக்கும். அவற்றுள் எது வேண்டுமோ அதற்கு 'மாட்ஸ்-எனேபிள்ட்' என்ற கோப்புறையில் ஓர் இணைப்பு உண்டாக்க வேண்டும். வகுப்பில் இருப்பவர் எல்லாரும் அணியில் இருக்கமாட்டார்கள் அல்லவா, அதுபோல.

இங்கேதான் படிப்போர் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. மூன்றாம் பதிப்பின் இயல்பான அமைவுக் கோப்பில், பெயரைத் தேடும் பகுதியில் எஸ்கியூஎல் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு சிறுகோடு இருக்கும். அழுக்குப் புள்ளி போன்ற சிறிய கோடு. அதன் பொருள் இதுதான்: இந்தக் கூறு இயங்கும் கோப்புறையில் இருந்தால் பயன்படுத்து, இல்லாவிட்டால் பேசாமல் கடந்து போ. நீங்கள் இணைப்பு உண்டாக்க மறந்தாலும் வழங்கி நலமாகத் தொடங்கும். 'இயங்குகிறது' என்று பச்சை எழுத்தில் காட்டும். ஆனால் 112 பிள்ளைகளில் ஒருவரையும் அதற்குத் தெரியாது. எல்லாருக்கும் 'இல்லை' என்றே சொல்லும்.

இணைப்பு உண்டாக்கினாலும் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. கூற்றின் அமைவுக் கோப்பில் எந்தத் தரவுத்தளத்தோடு பேச வேண்டும் என்ற வரியில், இயல்பாக 'நல்' என்ற வெற்று இயக்கி குறிக்கப்பட்டிருக்கும். எந்தத் தரவுத்தளத்தோடும் பேசாத இயக்கி அது. அதை மைஎஸ்கியூஎல் என மாற்றாவிட்டால், கூறு ஏறிவிடும், வழங்கியும் ஓடும், கேட்ட பெயருக்கெல்லாம் வெறுங்கை விரிக்கும். இதுவும் பேசாத வகைதான். மாறாக, மைஎஸ்கியூஎல்லுக்கு மாற்றியபின், இல்லாத சான்றிதழ்க் கோப்புகளைச் சுட்டும் மறையாக்கப் பகுதியொன்று அதே கோப்பில் இருக்கிறது. அதை அடைக்காவிட்டால் வழங்கி தொடங்காது. ஏன் என்று உரக்கச் சொல்லும். எனக்கு இந்த இரண்டாவது வகைதான் பிடித்திருக்கிறது. வகுப்பிலும் அப்படித்தான். 'புரியவில்லை, ஐயா' என்று சொல்லும் பிள்ளையை விட, தலையாட்டிக்கொண்டே அமர்ந்திருக்கும் பிள்ளைதான் ஆசிரியருக்குக் கவலை தருகிறது.

ஆகவே 'இயங்குகிறது' என்ற செய்தியை நம்பாமல், வழங்கியை நிறுத்திவிட்டு, ஒரு சிறுகோடும் பெரிய எக்ஸ் எழுத்தும் சேர்த்து மறுபடி இயக்கிப் பாருங்கள். அது பிழைதேடும் நிலை. வழங்கி தான் செய்வதையெல்லாம் வரிவரியாக ஒப்பிக்கும். கூறு விடுபட்டிருந்தால் 'எஸ்கியூஎல்லைப் புறக்கணிக்கிறேன்' என்ற பொருளில் ஒரு வரி அங்கே ஓடும். நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவில் ஒரே ஒரு வரி. தேநீர் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படிக்க வேண்டும். நான் படித்தேன், அந்த வரி இல்லை, தரவுத்தள இணைப்புகள் திறந்தன என்ற வரிகள் இருந்தன.

அட்டவணைகளையும் பழையதிலிருந்து முழுதாகப் பெயர்க்கவில்லை. இரண்டாம் பதிப்பின் பயன்பாட்டுக் கணக்கு அட்டவணையில் இருந்த சில கட்டங்கள் மூன்றில் இல்லை; மூன்றில் கணக்கு கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நேரத்திற்கென்று புதிய கட்டம் உண்டு. பழைய அட்டவணையை வைத்தால் நுழைவு நடக்கும், ஆனால் யார் எவ்வளவு நேரம் இருந்தார் என்ற கணக்கு ஏறாது. எனவே புதிய தொகுப்போடு வந்த வரைவைக் கொண்டு அட்டவணைகளை உருவாக்கி, பெயர், கடவுச்சொல், குழு ஆகியவற்றை மட்டும் பழையதிலிருந்து கொண்டுவந்தேன். பழைய பட்டியலில் கடவுச்சொல் 'யூசர்-பாஸ்வேர்ட்' என்ற தலைப்பில் இருந்தது. இரண்டாம் பதிப்பு முணுமுணுத்துக்கொண்டே அதை ஏற்றுவந்தது. மூன்றாம் பதிப்பு ஏற்காது; 'கிளியர்டெக்ஸ்ட்-பாஸ்வேர்ட்' என்று மாற்றிக் கொடுக்க வேண்டும். ஒரே கட்டளையில் எல்லா வரிகளையும் மாற்றிவிடலாம்.

இவ்வளவும் முடித்து, என் பெயரைக் கொண்டு சோதித்தேன். ஏற்றுக்கொண்டது. அடுத்து ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் பெயரைக் கொண்டு சோதித்தேன். மறுத்தது.

பிழைதேடும் நிலையில் காரணம் தெளிவாகவே எழுதியிருந்தது: பயனர் பெயரில் இடைவெளி இருக்கிறது. மூன்றாம் பதிப்பின் இயல்பான அமைவில், பெயரை வடிகட்டும் விதி ஒன்று முதல் வரியிலேயே அழைக்கப்படுகிறது. பெயரில் இடைவெளி இருக்கக்கூடாது, அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள் கூடாது, புள்ளியில் முடியக்கூடாது என்பன போன்ற நிபந்தனைகள் அதில் உண்டு. எங்கள் பழைய வழங்கியில் அந்த விதி இயங்கவில்லை.

எங்கள் பிள்ளைகளின் பெயர்களில் இடைவெளி எப்படி வந்தது என்பதை நம் நாட்டவர்க்கு விளக்கத் தேவையில்லை. 2016இல் இருந்த தலைமையாசிரியர், பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடியே முழுப்பெயரும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பெயர், அதன்பின் ஏ சாய்கோடு எல் அல்லது ஏ சாய்கோடு பி, அதன்பின் தந்தையார் பெயர். சிங்கப்பூர் அன்பர்களுக்கு எஸ் சாய்கோடு ஓ, டி சாய்கோடு ஓ என்றால் புரியும். முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒவ்வொரு முறை இணையத்துக்குள் நுழையும்போதும் தன் முழுப்பெயரைப் பிழையின்றித் தட்டச்சு செய்து பழகட்டும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். அதனால் எங்கள் பட்டியலில் ஒரு மாணவர் பெயரும் புதிய விதியைத் தாண்டி உள்ளே வராது.

முன்னாள் மாணவரைத் தொலைபேசியில் அழைத்தேன். 'அது ஒரு வரிதான், ஐயா. முன்னால் ஒரு குறி போட்டு அடைத்துவிடுங்கள், பழையபடி ஓடும்' என்றார். உண்மைதான். அரை நிமிட வேலை. ஆனால் அந்த விதியை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தபோது எனக்கு அடைக்க மனம் வரவில்லை. பழைய மைஎஸ்கியூஎல் 5.7, ஒப்பிடும்போது பெயரின் இறுதியில் உள்ள இடைவெளியைக் கணக்கில் கொள்ளாது. இறுதியில் இடைவெளி உள்ள பெயரும் இல்லாத பெயரும் அதற்கு ஒன்றே. ஆனால் வழங்கியின் பதிவேட்டுக் கோப்புக்கு அவை இரண்டு பெயர்கள். வாசலில் ஒருவர், ஏட்டில் இருவர். எங்கள் பழைய பதிவேட்டைப் புரட்டியபோது அப்படி இரட்டித்த பெயர்கள் இருக்கவே செய்தன. பெரும்பாலும் கைப்பேசி விசைப்பலகை சொல் முடிந்ததும் தானே இடைவெளி சேர்ப்பதால் வந்தவை.

சரி, பெயரை மாற்றுவோம் என்றால் எதற்கு மாற்றுவது? பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர் ஒருவர் மைகிட் எண்ணை வைக்கலாம் என்றார். பன்னிரண்டு இலக்கம், ஒருவருக்கு ஒன்றுதான், குழப்பமே வராது. எனக்கு உடன்பாடில்லை. அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்பதைச் சொல்லிவிடும். பிள்ளையின் வாழ்நாள் முழுதும் வரப்போகும் எண்ணைக் கணினிக்கூடத்தின் நுழைவுப் பக்கத்தில் நாள்தோறும் தட்டச்சு செய்யச் சொல்வதா? அடுத்த நாற்காலியில் இருப்பவர் எட்டிப் பார்த்தால் போதுமே.

தமிழ் எழுத்திலேயே வைக்கலாம் என்ற ஆசை எனக்கு இருந்தது. ஆர்எப்சி 2865 அதைத் தடுக்கவில்லை. பயனர் பெயர் யுனிகோடில் இருக்கலாம் என்றே சொல்கிறது. இடையூறு வேறிடத்தில் இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், வழங்கிக்கு வெவ்வேறு. முத்து நெடுமாறன் அவர்களின் முரசு அஞ்சலைத் தந்த நாட்டில் இருந்துகொண்டு இப்படிச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்களிடம் இருக்கும் பல்வகைத் தட்டைக் கணினிகளின் விசைப்பலகைகள் எல்லாம் ஒரே முறையில் சேமிக்கும் என்று என்னால் உறுதி கூற முடியவில்லை. 'கோகிலா'வும் 'கௌரி'யும் மட்டும் வெளியே நிற்பதை நான் விரும்பவில்லை.

கடைசியில் நான் வைத்த முடிவு இது: பிள்ளையின் சொந்தப் பெயர், ஒரு புள்ளி, இரண்டு இலக்க வரிசை எண். உரோமன் எழுத்தில். தந்தையார் பெயர் இல்லை.

இதற்கு ஆசிரியர் அறையில் எதிர்ப்பு வந்தது. அகவையில் மூத்த ஆசிரியை ஒருவர், 'தகப்பன் பெயரை எடுத்துவிட்டால் பிள்ளைக்கு என்ன ஐயா மிஞ்சும்?' என்று கேட்டார். அவர் கேட்டதில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. அவருக்கு நான் பட்டியலைக் காட்டினேன். 112 பேரில் இருவருக்குத் தந்தையார் பெயர் பத்திரத்தில் இல்லை. ஏ சாய்கோடும் இல்லை. ஒருவருக்கு அந்த இடத்தில் எதுவுமே இல்லை. இன்னொருவருக்குத் தாயார் பெயரை யாரோ பின்னாளில் சேர்த்திருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் பெயரைத் தட்டச்சு செய்து முடிக்க நேரம் பிடிக்கும். இவர்களில் ஒருவர் மட்டும் முதல் ஆளாக உள்ளே போய்விடுவார். அதைப் பார்த்துப் பக்கத்துப் பிள்ளை ஏன் என்று கேட்டிருக்கிறது. இது எனக்குத் தெரிய வந்ததே அந்த வகுப்பாசிரியை சொல்லித்தான். மூத்த ஆசிரியை பட்டியலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 'முழுப்பெயரை வருகைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்கிறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனார்.

வழங்கிக்குத் தெரிய வேண்டியது, வந்திருப்பவர் நம் பள்ளிப் பிள்ளையா, எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்ற இரண்டுதான். அதற்குமேல் ஒரு பிள்ளையைப் பற்றி அதற்கு எதையும் சொல்லாமல் இருப்பதே சரி என்பது என் கருத்து. புதிய பெயரையும் முழுப்பெயரையும் இணைத்துக்காட்டும் பட்டியல் அலுவலகத்தில் அச்சிட்ட தாளாகப் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. வழங்கியில் அதன் படி இல்லை.

மாற்றும் வேலையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெயர் ஓர் அட்டவணையில் மட்டும் இருப்பதில்லை. கடவுச்சொல் அட்டவணையில் மாற்றிவிட்டு, குழுவைச் சொல்லும் அட்டவணையில் மாற்றாமல் விட்டால், பிள்ளை உள்ளே வந்துவிடும். ஆனால் மாணவர் குழுவுக்கான நேரக் கட்டுப்பாடு அந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது. இரண்டையும் ஒரே மூச்சில் மாற்றி, இரண்டிலும் உள்ள பெயர்களின் எண்ணிக்கை ஒத்துவருகிறதா என்று பார்த்துக்கொண்டேன். 126 என்று இரண்டும் காட்டின. மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து அதுதான் சரியான எண்.

தைப்பூசத்துக்கு நான்கு நாள் முன்பாக முகவரியை மாற்றினேன். பழைய கணினியை அணைத்து, அழிக்காமல், ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். பள்ளி திறந்த முதல் வாரம் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் புள்ளியை விட்டுவிட்டு மூன்று முறை முயன்று, 'ஐயா, இதற்கு என்னைத் தெரியவில்லை' என்று வந்து நின்றான். புள்ளியைக் காட்டிக் கொடுத்தேன். வேறு முறையீடு வரவில்லை.

பிளாஸ்ட்ரேடியஸ் தொடர்பாக மட்டும் வேலை மீதம் இருக்கிறது. புதிய வழங்கி, இணையக் கருவி அனுப்பும் ஒவ்வொரு கேள்வியிலும் மெசேஜ்-ஆத்தென்டிகேட்டர் என்ற முத்திரை இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த வல்லது. எங்கள் கருவிகளில் இரண்டு பழையவை. அவை அந்த முத்திரையை அனுப்புவதில்லை. கட்டாயமாக்கினால் நூலகமும் பாலர்பள்ளி அறையும் இணையம் இழக்கும். அதனால் இப்போதைக்கு 'ஆட்டோ' என்ற நிலையில் விட்டிருக்கிறேன். முத்திரை அனுப்பும் கருவியிடம் அதைத் தொடர்ந்து கேட்கும்; அனுப்பாத கருவியைப் பற்றி எச்சரிக்கை எழுதி வைக்கும். ஒவ்வொரு முறை வழங்கியைத் தொடக்கும்போதும் அந்த இரு கருவிகளின் எச்சரிக்கை பதிவேட்டில் வருகிறது. புதிய கருவிகளுக்கான விலைப்பட்டியலைப் பள்ளி வாரியத்திடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.